மூன்றாவது கல்வட்டம்

ஆறாம் வகுப்பு சமூகப் பாடத்தில் ஆதிமனிதன் என்று ஒரு பாடம் வரும். மற்ற டீச்சர்கள் அதை ஒரு வாரம் இழுப்பார்கள். சார்ட் ஒட்டுவார்கள், பிள்ளைகளைக் கல் பொறுக்கி வரச் சொல்வார்கள், யாராவது ஒருவனுக்குக் கோணிச் சாக்கைக் கட்டி வேட்டைக்காரன் வேஷம் போடுவார்கள். நான் இரண்டு பீரியடில் முடித்துவிடுவேன். திருப்பதியில் நான் வேலை பார்க்கும் இந்தப் பள்ளியில் வருஷா வருஷம் அப்படித்தான். தலைமையாசிரியை ஒருமுறை, "ஏன் மேடம், இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்காதா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். பிடிக்கும் என்பதால்தான் ஓடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

அந்தப் பாடத்தில் ஒரு படம் உண்டு. குகை வாசலில் ஒருவன் ஈட்டியோடு நிற்பான், பின்னால் நெருப்பு எரியும். ஓரமாக ஒரு பெண் குனிந்து எதையோ செய்துகொண்டிருப்பாள். என்ன செய்கிறாள் என்று வரைந்தவருக்கே தெரியாது போலிருக்கிறது. குழந்தை என்று ஒன்று படத்திலேயே இல்லை. அதற்குக் கீழே, இறந்தவர்களைப் புதைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு முன்னால் புத்தகத்தை யாராவது ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

எங்கள் ஊர் தடாவுக்கு மேற்கே, பஸ் இறங்கி மூன்று மைல் நடக்கிற தூரத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அங்கே மதிலும் கேட்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில் என்பதால் எங்களுக்கு ரேஷன் கார்டு தெலுங்கில், சண்டை தமிழில். பல தலைமுறையாக நிலம் கிடையாது. நைனா காலத்தில்தான், நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற டீகேடி பட்டாவில் ஒரு ஏக்கர் கிடைத்தது, அதில் வேர்க்கடலை போட்டோம். நிலத்துக்கு மேற்கே செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த ஒரு மேடு. அங்கே ஒன்றும் விளையாது. அந்த மேடு முழுக்கக் கல்வட்டங்கள் இருந்தன. முழங்கால் உயரத்துக்குக் கற்களை வட்டமாக நட்டிருப்பார்கள், நடுவில் ஒரு பெரிய பலகைக்கல் பாதி புதைந்து கிடக்கும்.

அதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் மனுஷனுக்குச் சாவே வராதாம். வயசாக வயசாகச் சுருங்கிக்கொண்டே போவானாம், முழம் அளவுக்கு, அப்புறம் சாண் அளவுக்கு. வீட்டில் விட்டால் யார் காலிலாவது மிதிபடுவார்கள் என்று அவர்களைத் தொட்டியில் உட்காரவைத்து, கொஞ்சம் சோறும் ஒரு விளக்கும் வைத்து, இங்கே கொண்டுவந்து கல்லால் மூடிவிட்டுப் போவார்களாம். சுருங்கின கிழங்கள் என்று எங்கள் ஊரில் பெயர். அதனால் பல் முளைக்கும் முன்னால் செத்துப்போகிற குழந்தைகளை எங்கள் ஆட்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். மேட்டில் ஏதாவது ஒரு வட்டத்துக்குள், பலகைக்கல் ஓரமாகப் புதைத்துவிடுவார்கள். கிழங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கின்றன, பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. பெற்றவள் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போனால் அடுத்த வயிறும் தங்காது என்பார்கள்.

எனக்கு ஆறு வயதாகும்போது ஒரு தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. நைனா அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னால் போக, பெரியப்பா மண்வெட்டியோடு பின்னால் போனார். அம்மா நானும் வருகிறேன் என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். பெண்கள் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நைனா திரும்பி வந்து கால் கழுவும்போது எந்த இடம் என்று கேட்டாள். அவர் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொன்னார்.

"பனைமரத்துல இருந்து மூணாவது வட்டம். கல்லுக்கு இந்தாண்ட, நம்ம நெலத்தப் பாத்தாப்புல."

அதற்கப்புறம் அம்மா வேர்க்கடலைக் காட்டில் களை எடுக்கும்போதெல்லாம் மேட்டைப் பார்த்தபடிதான் உட்காருவாள். மேட்டில் அவள் கால் வைத்ததில்லை. அப்படியும் அவளுக்கு அடுத்த வயிறு தங்கவில்லை. அதற்காக அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நானாக இருந்தால் போயிருப்பேன்.

பிறகு கிணறு வற்றியது. நைனா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். நான் திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்து ஹிஸ்டரி டிகிரி படித்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்து செத்துப்போனார். நான் படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருஷம்தான் எங்கள் நிலத்திலும் மேட்டிலும் அளந்து கொடி நட்டார்கள். கம்பெனிகள் வரப்போகின்றன என்றார்கள். ஸ்ரீ சிட்டி பக்கம் ஏற்கெனவே வந்திருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய்வர ஆரம்பித்திருந்தார்கள். அதனால் ஊரில் யாரும் அழுது புரளவில்லை. எங்களையெல்லாம் ரோட்டோரமாகப் புதுக் காலனிக்கு மாற்றுவதாகப் பேச்சு. கான்கிரீட் கூரை போட்ட மெத்தை வீடு, வீட்டுக்கு வீடு குழாய், பாத்ரூம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் ஒன்று கேட்டாள்.

"மேட்டையும் எட்துக்குவாங்களா?"

"எடுப்பாங்கம்மா. மிசினு வெச்சி சமமாக்கிடுவாங்க."

"அப்போ அவன?" என்றாள்.

பதினாறு வருஷத்தில் அவள் தம்பியைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

மேட்டைச் சமப்படுத்துவதற்கு முன்னால் இரண்டு வட்டங்களையாவது தோண்டிப் பார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அகழாய்வுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சார், அவரோடு இரண்டு மாணவர்கள், ஒரு ஜீப். அவர்களுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் கூலி வேலைக்குச் சேர்ந்தார்கள். சாருக்குத் தமிழ் வராது. பெண்களுக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெலுங்கு. ஹிஸ்டரி படித்த பெண் ஒருத்தி ஊரிலேயே சும்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்கள். தோண்டிய மண்ணைச் சலிப்பது, கிடைத்த ஓடுகளைக் கழுவி எண் போடுவது, பொட்டலம் கட்டி ரிஜிஸ்டரில் எழுதுவது எல்லாம் என் வேலை. மண் சுமக்கும் வரிசையில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மேட்டுக்கு நீ போகலாமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "இனிமே தங்கறதுக்கு வயிறு எங்க கீது" என்றாள்.

முதல் நாள் காலையில் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்.

"அந்த மூணாவது வட்டத்தத் தோண்டச் சொல்லுடி."

"அது எங்கைல இல்லம்மா."

"நீ சொன்னா கேப்பாரு. படிச்சிக்கீற இல்ல? எலும்பு வந்துச்சின்னா எட்துக் குடுத்துடு. காலனிக்கு நம்ம கூடவே கூட்டிக்கினு போயிடலாம். அவன் மேல மிசினு ஏறுனா நான் எப்பிடிடீ சோறு துன்னுவேன்?"

அவளே ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று என் கணவர் பின்னாளில் கேட்டார். கூடாது. பெற்றவள் தோண்டி எடுப்பது போகக் கூடாத இடத்துக்குப் போவதைவிடப் பெரிய குற்றம். சொந்தத்திலும் ஊரிலும் யாரும் தோண்ட மாட்டார்கள். வெளியாள் தோண்டினால் அவள் கையில் வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சட்டங்களை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஊர்க்காரர்கள் கை வைக்காத வட்டம் எது என்று சார் என்னைக் கேட்டார். பனைமரத்திலிருந்து மூன்றாவது என்றேன். எங்கள் நைனா தம்பியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போன வட்டம் அது. வாய் கூசாமல் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, சந்தோஷமாகத் தலையாட்டினார்.

முதல் வாரத்தில் மேட்டின் சரிவில், மழைத் தண்ணீர் அரித்த ஓடையில், மாணவர்களில் ஒருவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மாங்கொட்டை வடிவத்தில் இருந்தது, ஆனால் நாலு மாங்கொட்டை அளவு. ஓரமெல்லாம் சில்லு சில்லாகத் தட்டி எடுத்திருந்தார்கள். அந்த மாதிரிக் கற்களை நாங்கள் லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம். சார் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார். இது இந்த வட்டங்களைக் கட்டியவர்களுடையது இல்லை, அவர்களுக்கும் லட்சக்கணக்கான வருஷம் முந்தியவர்கள் செய்தது, அவர்களுக்கு வீடு இல்லை, பானை இல்லை, பயிர் இல்லை என்றார். நான் தமிழில் சொன்னேன். பெண்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். லட்சம் வருஷம் என்றால் அவர்களுக்கு மட்டுமா, எனக்கும் ஒன்றும் ஓடாது.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் திருப்பி, கட்டைவிரல் உட்காருகிற பள்ளத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே விரலை வைத்ததும் கல் கைக்குள் சரியாக அமர்ந்துகொண்டது. தன் முன்னங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.

"தோலு வழிக்கிறது இது," என்றாள். நான் தெலுங்கில் சொன்னதும் சார், இருக்கலாம் என்று சிரித்தார். உடனே அம்மா என் பக்கம் திரும்பினாள். "வூடு இல்லன்னு சொல்றாரே, மழ பெஞ்சா கொழந்தைங்கள எங்க வெச்சினு இருந்தாங்கன்னு கேளு."

நான் கேட்டேன். சார் தலையைச் சொறிந்தார். "அதுக்கெல்லாம் தடயம் கிடைக்காதும்மா," என்றார் தெலுங்கில். நான் சொன்னதும் அம்மா கல்லை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்லு கிடைக்குதாம், கொழந்தைய வெச்ச எடம் கிடைக்காதாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பாண்டை எடுத்துக்கொண்டு போனாள். பாண்டு என்பது மண் சுமக்கிற இரும்புச் சட்டி.

தினமும் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, மற்ற பெண்கள் கொஞ்சம் முன்னால் போனதும், அவள் கேட்பாள்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, பலகைக்கல்லுக்குக் கிழக்கே, எங்கள் நிலத்தைப் பார்த்த பக்கத்தில், முழங்கால் ஆழத்தில் ஒரு கருப்புத் திட்டு தெரிந்தது. முறம் அளவு இருக்கும். சுற்றிலும் மண் கல்லாக இறுகிக் கிடக்க, இது மட்டும் பொலபொலவென்று இருந்தது. சார் கரண்டியால் அதன் ஓரத்தை மெதுவாகக் கீறினார். முகம் சுண்டிவிட்டது.

"இது பிற்காலத்துக் குழி. யாரோ தோண்டியிருக்கிறார்கள். புதையல் தேடினார்களோ என்னவோ," என்றார்.

நான் ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன். "யாராவது குழந்தையைப் புதைத்திருந்தால், சார்?"

"பச்சைக் குழந்தை என்றால் ஒன்றும் மிஞ்சாது. இந்தச் செம்மண் எலும்பைத் தின்றுவிடும். பத்து வருஷம் போதும்," என்று சொல்லிவிட்டு, அதை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னார்.

அந்தக் கருப்பு மண் நாலு பாண்டு வந்தது. வழக்கமாக மண்ணை ஒருமுறை சலிப்போம். நான் அதை மூன்று முறை சலித்தேன். ஒரு நகம் அளவு எலும்பு இல்லை. துண்டின் நூல்கூட இல்லை. அரைஞாணில் ஒரு மணி கோத்திருந்ததாக எனக்கு ஞாபகம், அதுவும் இல்லை. என் விரல்களெல்லாம் கருப்பாகிவிட்டன. சலித்த மண்ணை வரிசையில் நிற்கும் பெண்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சரிவில் கொட்ட வேண்டும். முதல் இரண்டு பாண்டை வேறு யாரோ வாங்கினார்கள். கடைசி இரண்டுக்கு அம்மா வந்தாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் குனிந்தாள். நான் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், சாருக்குத் தெரிந்தால் நான் சொன்ன பொய் வெளியே வரும், அதெல்லாம் சாக்கு. எனக்குத் தைரியம் இல்லை. அவள் சரிவு வரைக்கும் போய்க் கொட்டிவிட்டு வெறும் பாண்டோடு திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். நான் ஜல்லடையைத் தட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமும் கேட்டாள்.

"வந்துச்சா?"

"இன்னும் ஆழம் போவணும்மா," என்றேன்.

அதற்கு அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துப் பலகைக்கல்லைக் கயிறு போட்டு நகர்த்தினார்கள். அதன் அடியில் சுட்ட மண்ணால் ஒரு தொட்டி, ஆறு குட்டைக் கால்களோடு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியில் பாதிதான் இருக்கும். பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். சுருங்கின கிழம் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓரம் சரிந்துவிடும் என்று சார் யாரையும் கிட்டே விடவில்லை. அம்மாவும் தள்ளித்தான் நின்றாள்.

மூடியை எடுத்ததும் மெத்தென்ற மண், அதற்குள் சின்னச் சின்ன எலும்புகள். கால்களை மடித்து ஒருபக்கமாகப் படுக்கவைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கிண்ணம், உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. கழுத்துப் பக்கம் சங்கில் செய்த மணிகள் சிதறிக் கிடந்தன. சார் தாடையை மட்டும் தூரிகையால் நெடுநேரம் துடைத்துப் பார்த்தார்.

"கிழவனும் இல்லை, ஒன்றும் இல்லை," என்றார். "குழந்தை. ஐந்து, ஆறு வயசு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலேயே இருக்கும். தொட்டிக்குள் இருந்ததால் தப்பித்தது." அதை மட்டும் நான் பெண்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

என்னால் அந்தக் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மேட்டில் எங்கேயோ ஒரு வீட்டில், தொட்டியைச் சுட்டு ஆறப்போட்டுவிட்டு, குழந்தை படுத்தால் காலை நீட்ட முடியுமா என்று யாரோ அளந்து பார்த்திருப்பார்கள். அந்த ஊரிலும் பெற்றவளை மேட்டுக்கு வரக் கூடாது என்று பிடித்து உட்காரவைத்தார்களோ என்னவோ.

தொட்டியை வரைந்து, படமெடுத்து, எலும்புகளை வெளியே எடுக்க ஒரு வாரம் ஆனது. இன்னும் இரண்டு நாளில் வேலை முடிகிறது. அதற்கு மறுநாள் மிஷின். அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் பக்கத்தில் நடந்து வருவாள், என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். கேட்டதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசி நாள் எலும்புகளைப் பொட்டலம் கட்டும்போது நான் முடிவு செய்துவிட்டேன்.

பதினோரு நாள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பொறுக்கினேன். விலா எலும்பின் துண்டுகள், விரல் எலும்புகள், மண்ணோடு ஒட்டிய சில சில்லுகள். நீளமான எலும்பு எதையும் எடுக்கவில்லை. பல் எதுவும் கலந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். நான் படித்த ஹிஸ்டரி அதற்குத்தான் உதவியது. ரிஜிஸ்டரில் ஐந்து பொட்டலம் என்று எழுத வேண்டிய இடத்தில் நாலு என்று எழுதினேன். சார் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே படிக்கிறதை விட்டுவிடாதே என்று எனக்குப் புத்தி சொன்னார். இன்றைக்கும் அது நெஞ்சை உறுத்துகிறது. அந்த மனுஷர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வந்துச்சிம்மா," என்றேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பொட்டலத்தை வைத்தேன். நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா மிஞ்சும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். "நீ ஏன்டி அழுவுற, கூட்டிக்கினுதான வந்துட்ட," என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளேயே இருந்துவிட்டேன்.

காலனி வீட்டுக்கு நாங்கள் முதலில் கொண்டுபோன சாமான் அதுதான். பாத்ரூம் சுவருக்குப் பின்னால் நான் குழி எடுத்தேன், அவள் வைத்தாள். மூன்றாம் நாள் பால் தெளித்தாள். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கு அதையெல்லாம் செய்ய மாட்டார்கள், செய்தாள். அந்த வாரத்திலேயே மேடு இல்லாமல் போயிற்று. சரிவில் நாங்கள் கொட்டிய மண்ணை டிப்பர்கள் வாரிக்கொண்டு போய்ப் புது ரோட்டுக்குப் போட்டன. கருப்பு மண்ணும் அதோடுதான் போயிருக்கும்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அம்மா ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நான் பி.எட். முடித்துத் திருப்பதிக்கு வந்தேன். கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள். காலனியில் பாதி வீடுகளில் இப்போது ஒடிசாப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் எப்போது போனாலும் பாத்ரூம் சுவருக்குப் பின்னால் ஒரு டம்ளர் பால் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளைக்கோ என் அம்மாவைப் பால் வைக்க வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே முன்பக்கம் வந்துவிடுவேன். இரண்டு மூன்று தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒருமுறை உறவுக்காரக் கல்யாணத்துக்கு நாராயணவனம் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது, "அம்மா, அந்த மேட்டுல தோண்டினப்ப" என்று ஆரம்பித்தேன். "பஸ்ஸுக்கு நேரமாவுது, எழுந்திரு," என்றாள். அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது.

போன வருஷம் அம்மா பத்து நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெண்ணுக்கு முதல் பால்பல் விழுந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் போட்டால்தான் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்பது எங்கள் வழக்கம். திருப்பதியில் சாணிக்கு என்ன பஞ்சம். அம்மா தெருவில் இறங்கி ஒரு உருண்டை கொண்டுவந்தாள். மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். நான் துணி காயப்போட்டேன். அம்மா பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டி, பேத்தியின் கையில் கொடுத்து, படிக்கட்டு அறையின் மேலே வீசச் சொன்னாள். அது ஒரே வீச்சில் போய் விழுந்தது.

"ஆயா, எங்கம்மா பல்லையும் நீதான் போட்டியா?" என்று பெண் கேட்டாள்.

"ஆமா. உங்கம்மாது எல்லாம் பழைய வூட்டுக் கூரை மேல. உங்க மாமாது ஒண்ணே ஒண்ணு, அது காலனி வூட்டு மெத்த மேல."

பெண் அப்பாவிடம் சொல்லக் கீழே ஓடிவிட்டாள். எனக்குக் கையில் இருந்த ஈரத்துணி கனத்தது. எனக்கு இருந்தது ஒரே தம்பி. அவன் பல் முளைக்காமல் போனவன்.

"எந்த மாமாம்மா?"

"நீ பொட்டலத்துல குடுத்தியே, அவன்தான்," என்றாள். "கழுவறப்ப ஒரு மண்ணாங்கட்டி கரைஞ்சி உள்ள ஒரு பல்லு இருந்துச்சி. வேரு தேஞ்சி, வியுற பதத்துல இருந்த பல்லு. இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா அதுவே வியுந்து, அவங்கம்மா எடுத்துப் போட்ருப்பா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"பதினோரு நாள் கொழந்தைக்கு ஏதுடி பல்லு?"

"தெரிஞ்சும் ஏம்மா வெச்சிக்கின?"

அவள் கையில் ஒட்டியிருந்த சாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "யாரு பெத்ததோ. மழ பெஞ்சா எங்க வெச்சினு இருந்தாங்கன்னு தெரியாதுன்னு சொன்னாரே அந்த சாரு. நமக்குதான் மெத்த வூடு குடுத்துட்டாங்களே. வெச்சிக்கினேன்."

துணியை எல்லாம் காயப்போட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"அப்போ நம்ம தம்பி?"

"அவனதான் நான் தூக்கினு போனேனே," என்றாள். "கருப்பு மண்ணு, ரெண்டு பாண்டு. நீதான தலைல தூக்கி வெச்ச? உன் வெரலெல்லாம் கருப்பு. கல்லுக்கு எந்தாண்ட தோண்டினாங்கன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி உங்க நைனா தூக்கினு போறப்ப என்ன வுடல. அப்பால நானே தூக்கினேன். மெல்லமாதான் கொட்னேன்."

கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே என் பெண் யாரிடமோ பல் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அப்பறமும் ஒரு வாரம் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டியேம்மா," என்றேன்.

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்," என்றாள்.

அதில் கோபம் இல்லை. கை கழுவத் தண்ணீர் கேட்டாள். நான் தொட்டிக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.